கட்டி முடித்ததை யார் பார்த்தார்கள்?

2024 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய சுய சான்றுக் கட்டட அனுமதித் திட்டத்தைக் குறை சொல்வது இன்று எளிதல்ல. 2,500 சதுர அடிக்கு மிகாத மனை, 3,500 சதுர அடிக்கு மிகாத வீடு, தரைத்தளத்தோடு ஒரு மாடி. இந்த வரம்புக்குள் கட்டுகிறவர் மனைக்குரிய ஆவணங்களையும் வரைபடத்தையும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றிப் பணம் கட்டினால் கையோடு அனுமதி கிடைத்துவிடுகிறது. அதற்கு முன் யாரும் மனையைப் பார்க்க வருவதில்லை. பரிசீலனைக் கட்டணம் கிடையாது. உட்கட்டமைப்பு, வசதிக் கட்டணமும் கிடையாது. நடுத்தரக் குடும்பங்கள் இதை வரவேற்றன, கட்டுநர் சங்கங்கள் வரவேற்றன, நிர்வாகச் சீர்திருத்தம் பற்றி எழுதுகிறவர்கள் மற்ற துறைகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்றார்கள்.

பக்கத்து மாநிலங்களிலும் இதே காற்றுதான் அடிக்கிறது. தெலங்கானா 2020-இல் டிஎஸ்-பிபாஸ் கொண்டுவந்தது. 600 சதுர கஜம் வரையுள்ள மனைகளில் சிறு வீடுகளுக்குச் சுய சான்றின் பேரில் உடனடி அனுமதி. பெங்களூருவில் 2024-இல் ‘நம்பிகே நக்ஷே’ என்ற இதே வகைத் திட்டம் வந்தது. இவற்றுக்கெல்லாம் பின்னால் உலக வங்கியின் ‘தொழில் செய்வது எவ்வளவு எளிது’ என்ற தரவரிசையின் நிழல் விழுந்துகிடக்கிறது. கட்டட அனுமதி என்ற தலைப்பில் அந்தப் பட்டியலில் 181-ஆம் இடத்தில் இருந்த இந்தியா இரண்டே ஆண்டுகளில் 27-ஆம் இடத்துக்கு ஏறியது. தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்து, 2021-இல் உலக வங்கி அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டது. பட்டியல் போய்விட்டது, அது விதைத்த பழக்கம் போகவில்லை. அனுமதி எத்தனை நாளில் வந்தது என்பதே இன்னும் ஓர் அரசின் திறமைக்கு அளவுகோலாக இருக்கிறது.

தமிழ்நாட்டுத் திட்டத்தை ஆதரிக்கிறவர்களிடம் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. அதிகாரி மனைக்கு வந்தால் லஞ்சம் வரும்; வராவிட்டால் வராது; ஆகவே அவரை வரவிடாமல் செய்ததே பெரிய சீர்திருத்தம். இந்த வாதம் தவறானது, ஆபத்தானதும்கூட.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடலாம். பழைய முறைக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. சொந்த மனையில் இரண்டு அறை எழுப்ப ஆசைப்பட்ட ஓர் ஆசிரியரோ கடைக்காரரோ ஒரு பக்கம் வீட்டு வாடகை, மறுபக்கம் வங்கிக் கடனுக்கு வட்டி என்று கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தார். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது தரகருக்கு மட்டுமே தெரிந்தது. ‘கவனித்தால்’ நகர்ந்தது, இல்லையென்றால் குறிப்புக்கு மேல் குறிப்பு. அந்த அலைக்கழிப்பு ஒழிந்திருந்தால் அது மக்களுக்குக் கிடைத்த நியாயம். வரைபடத்தை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கணினி செய்வதிலும், அனுமதிச் சீட்டில் கியூஆர் குறியீடு இருப்பதிலும் எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. கட்டுவதற்கு முந்தைய காகித வேலை எவ்வளவு விரைவாக முடிகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

கட்டுவதற்குப் பிந்தைய வேலைக்கு வருவோம். இந்தத் திட்டத்தின் சலுகைகளில் ஒன்றாக, கடைசியில், ஒரு விலக்கு சேர்ந்திருக்கிறது: இப்படி அனுமதி பெற்ற வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்று வேண்டியதில்லை. பாராட்டியவர்களில் யாரும் இந்த வரியில் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதுதான் முழுத் திட்டத்தின் முகம். கட்டும் முன் யாரும் பார்க்கவில்லை. கட்டும்போதும் பார்க்கப்போவதில்லை. கட்டி முடித்த பிறகும் பார்க்க வேண்டியதில்லை என்று அரசே எழுதிக் கொடுத்துவிட்டது.

இது 2024-இல் தொடங்கிய கதையும் இல்லை. 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளே 12 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட சிறு குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு தந்தன. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கும் தந்தன. பிறகு அந்த வரம்பு மேலும் உயர்ந்தது. சிறிய வணிகக் கட்டடங்களும் விலக்குக்குள் நுழைந்தன. ஆக, மாநிலத்தில் எழும் கட்டடங்களில் பெரும்பான்மையானவற்றை, அவை கட்டடம் ஆன பிறகு, அரசு சார்பில் ஒருவரும் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. ஆனால் அவற்றுக்கு மின் இணைப்பு உண்டு, குடிநீர் உண்டு, சொத்துவரி உண்டு. வரி போடுவதற்கு மட்டும் அளவெடுக்க ஆள் வருவார்.

நம் கட்டட நிர்வாகத்தின் மீது எனக்கு இருக்கும் நெடுநாள் மனக்குறை இதுதான். அது எப்போதும் வரைபடத்தையே கட்டடமாக நினைத்துக்கொள்கிறது. வரைபடத்தில் பக்கவாட்டு இடைவெளி சரியாக இருக்கிறதா, தளப்பரப்புக் குறியீடு மீறவில்லையா, வாகன நிறுத்தம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்தியதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. மழையில் நனைவதும் மனிதர்கள் படுத்துறங்குவதும் அந்த வரைபடத்தில் இல்லை.

கட்டட வேலை நடக்கும் எந்த இடத்துக்கும் போய்ப் பாருங்கள். அங்கே இரண்டு வரைபடங்கள் இருக்கும். ஒன்றை ‘அப்ரூவல் டிராயிங்’ என்பார்கள். அது பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும். மற்றது ‘ஒர்க்கிங் டிராயிங்’. சிமெண்ட் கறையோடு மேஸ்திரி கையில் இருக்கும். முதலாவதில் தூண்கள் மட்டும் நிற்கும் வாகன நிறுத்தம், இரண்டாவதில் வாடகைக்கு விடுகிற மூன்று அறைகள். முதலாவதில் திறந்த மொட்டைமாடி, இரண்டாவதில் இன்னொரு மாடிக்கான தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆளாகவும் இருக்கலாம். இதைச் சொன்னால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. இரண்டு வரைபடம் என்பது ஊரறிந்த ரகசியம். இந்த ஊரில் சுய சான்று என்பது முதல் வரைபடத்துக்கு மட்டுமே தரப்படும் சான்று.

விதிமீறிய அறையாவது கண்ணுக்குத் தெரியும். பார்த்தே தீர வேண்டிய விஷயங்கள் கண்ணுக்கு மறைந்துவிடுபவை. ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி எட்டு மில்லிமீட்டர் கம்பியில் ‘ரிங்’ போடுகிறார்கள். வடிவமைப்பில் ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று இருக்கும். கம்பி விலை ஏறிய மாதத்தில் அது எட்டாகும், ஒன்பதாகும். அந்த ரிங்கின் இரு முனைகளையும் 135 டிகிரி மடக்கித் தூணின் உட்பக்கம் திருப்பிவிட வேண்டும் என்பது நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான இந்தியத் தர விதி. சென்னை, 2002-இலிருந்து, நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது. ஆனால் 135 டிகிரிக்கு மடக்கக் கைவலிக்கும், நேரமாகும்; 90-இல் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்திய ரிங் கட்டடம் குலுங்கும்போது வாய் திறந்துகொள்ளும், நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்கும். அடுத்தது கவர் பிளாக். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டிய அந்தச் சின்னச் சிமெண்ட் கட்டைகளுக்குப் பதிலாக உடைந்த ஜல்லியைச் செருகுவார்கள், அல்லது அதுவும் இல்லாமல் கம்பி பலகையிலேயே படுத்திருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று சில ஆண்டுகளில் அந்தக் கம்பியைக் கண்டுபிடித்துவிடும். பிறகு ஒருநாள் கூடத்தின் மேல்தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழும்.

காங்கிரீட் ஊற்றும்வரை இதையெல்லாம் பார்க்கலாம், ஒரு டேப்பை வைத்து அளக்கலாம். ஊற்றிய பிறகு பார்க்க முடியாது. தவறு நடந்ததா இல்லையா என்பது அந்த ஒரு நாள் காலையில் தீர்மானமாகிவிடுகிறது. அந்தக் காலையில் அங்கே யார் இருந்தார்கள் என்ற கேள்வியைத்தான் கட்டட அனுமதி முறை கேட்க வேண்டும். நம் முறை ஒருபோதும் அதைக் கேட்டதில்லை. இப்போது கேட்காமல் இருப்பதைக் கொள்கையாகவே வகுத்துவிட்டது.

இதற்குத் திட்ட ஆதரவாளர்களிடம் ஒரு பதில் உண்டு. சொந்த வீடு கட்டுகிறவர் தன் தலைமேலேயே கூரை இடிந்து விழும்படி கட்டிக்கொள்வாரா? அவரைவிட அக்கறை உள்ள மேற்பார்வையாளர் யார்? கேட்பதற்கு இனிய பதில். ஆனால் அக்கறை இருப்பதும் தெரிந்திருப்பதும் ஒன்றாகிவிடாது. வீட்டு உரிமையாளர் தினமும் வந்து நிற்பார், தண்ணீர் ஊற்றினார்களா என்று பார்ப்பார், கதவுக்குத் தேக்கா வேம்பா என்று விசாரிப்பார். ரிங் முனை எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தவிர, 3,500 சதுர அடியில் எழும் எல்லா வீடும் உரிமையாளர் குடியிருக்கும் வீடா? சென்னையின் புறநகரிலும் கோவையிலும் திருப்பூரிலும் நான்கு குடித்தனமாகப் பிரித்து வாடகைக்கு விடத்தானே பலர் கட்டுகிறார்கள்? கட்டி முடித்த கையோடு விற்கிறவர்கள் எத்தனை பேர்? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டுப் பொறுப்பை விற்பவர் மேல் சுமத்துகிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையும் எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டமும் அதன்கீழ்ப் பதிவு பெற வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார். அடித்தளத்துக்குக் குழி தோண்டும்போது விரிசல் விடுவது அவருடைய சுவர். அவர் எந்த இணையதளத்திலும் எந்த உறுதிமொழியையும் ஏற்கவில்லை. வாடகைக்கு வந்தவர், விலைக்கு வாங்கியவர், பக்கத்தில் வசிப்பவர் என்ற இந்த மூவருக்காகத்தான் கட்டட விதி என்ற ஒன்றே இருக்கிறது. தானே சான்றளித்துக்கொள்ளும் முறையில் இவர்களுக்கு இடமே இல்லை.

உரிமையாளருக்குத் தெரியாது, சரி. பொறியாளர் இருக்கிறாரே என்பார்கள். பெரிய கட்டடங்களுக்கு 2019 விதிகள் பதிவு பெற்ற கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று ஒரு வரிசையையே நிறுத்துகின்றன. நல்லதுதான். ஆனால் இவர்கள் எல்லோரையும் தேர்ந்தெடுப்பது யார்? கூலி கொடுப்பது யார்? கட்டுகிறவர். ‘ரிங் எட்டு அங்குலத்தில் போட்டிருக்கிறீர்கள், பிரித்துக் கட்டுங்கள்’ என்று சொல்கிற பொறியாளருக்கு அடுத்த வேலை கிடைக்காது, சொல்லாதவருக்குக் கிடைக்கும். நேர்மையான பொறியாளர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுடைய நேர்மைக்கு இந்த முறை அபராதம் விதிக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. கீழ்மட்டத்திலோ நிலைமை இன்னும் மோசம். தளத்துக்கே போகாமல் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு ஒரு விலை பேசப்படுகிறது, அதைப் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்துவதுகூட இல்லை.

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம். 2014 ஜூன் 28 சனிக்கிழமை மாலை, மழைக்கு நடுவே, கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். அது திருட்டுத்தனமாக எழுந்த கட்டடம் இல்லை. அதற்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) திட்ட அனுமதி இருந்தது. அனுமதி தந்ததில் விதிமீறல் இல்லை என்றுதான் அன்றைய அரசு சொன்னது. கட்டமைப்பு உறுதிக்குக் கட்டுநரும் அவருடைய பொறியாளருமே பொறுப்பு என்பது அப்போதைய நிர்வாகத்தின் நிலை. நீதிபதி ரெகுபதி ஆணையம் விசாரித்தது, கட்டமைப்புக் குறைகள் வெளிவந்தன. பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆக, அனுமதியும் செல்லும், முத்திரையும் செல்லும். விழுந்தது கட்டடம் மட்டும்தான். மௌலிவாக்கத்துக்கும் ஒரு மாடி வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சுய சான்று அவ்வளவு உயரத்துக்குப் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் ‘உறுதிக்கு நான் பொறுப்பில்லை, நான் பார்த்தது வரைபடத்தை மட்டுமே’ என்ற அதே நிலைதான் இன்று சின்ன வீட்டுக்குச் சலுகையாக வழங்கப்படுகிறது. உயிர்ப்பலிக்குப் பதினொரு மாடி தேவையுமில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் மூன்று மாணவர்களைக் கொன்றது ஒரு கழிப்பறைச் சுவர்.

அரசு அதிகாரி வந்து பார்த்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆகாது. சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பை அரசே கட்டியது, அரசுப் பொறியாளர்களே மேற்பார்த்தார்கள். 2021-இல் அங்கே குடியேறியவர்கள் சுவரைக் கையால் சுரண்டிக் காட்டினார்கள். பூச்சு மணலாக உதிர்ந்தது. லண்டனில் 2017-இல் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தின் புதுப்பிப்பு வேலையைச் சோதித்துச் சான்றளித்தது தனியார் இல்லை, உள்ளாட்சி மன்றத்தின் கட்டடப் பிரிவுதான். ஆகவே பழைய வார்டுப் பொறியாளரைத் திரும்ப அழைத்து வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கே.பி. பார்க்கில் உண்மை எப்படி வெளிவந்தது என்று பாருங்கள். அங்கே வாழ வந்தவர்கள் பார்த்தார்கள், பிறகு ஐஐடி வல்லுநர்கள் வந்து ஆராய்ந்தார்கள். கட்டியவரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத கண் ஒன்று அங்கே வந்து சேர்ந்ததும் உண்மை வெளியே வந்தது. எனக்கு வேண்டியது அந்தக் கண். அதை ஒழித்ததைத்தான் சீர்திருத்தம் என்கிறார்கள்.

லஞ்சம் வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் போகிற ஆய்வாளருக்கு மாற்று, வாங்காத ஆய்வாளரை உருவாக்குவது. ஆய்வையே எடுத்துவிட்டால் லஞ்சம் போய்விட்டது என்று கணக்குக் காட்டலாம். தேர்வையே ரத்து செய்துவிட்டால் காப்பியடிப்பதும் இல்லாமல் போய்விடும், அந்த மாதிரி. முன்பு பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்த பாராமுகம் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. இதில் மகிழ என்ன இருக்கிறது?

பார்க்காமல் விட்டால் பிறகு என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் கடந்த கால் நூற்றாண்டே சாட்சி. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28 வரை விதிமீறிக் கட்டியவற்றை வரன்முறைப்படுத்தலாம் என்றார்கள், ஒரே ஒருமுறை என்ற உறுதியோடு. உச்ச நீதிமன்றம் அதை ஒருமுறைச் சலுகை என்ற அடிப்படையில்தான் 2000-இல் ஏற்றுக்கொண்டது. கெடு 2000-க்கு நகர்ந்தது, 2001-க்கு நகர்ந்தது, 2002-க்கு நகர்ந்தது. அந்த நீட்டிப்புகள் செல்லாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 113-சி வந்தது; 2007 ஜூலை 1-க்கு முன் எழுந்த கட்டடங்களுக்கு. இடையில் 2011-இல் தியாகராய நகர்க் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள், பிறகு திறந்தார்கள். 2017 மே 31 அன்று அதே தியாகராய நகரில் பல மாடித் துணிக்கடை ஒன்று தீப்பிடித்து எரிந்தது. அனுமதியை மீறிய தளங்கள் அதில் இருந்ததை அரசே சொன்னது. கட்டும்போது பார்க்காத அரசு, கட்டிய பிறகு மன்னிப்பை விற்கும். சுய சான்றும் நிறைவுச் சான்று விலக்கும் சேர்ந்து அடுத்த வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு இன்றே வாடிக்கையாளர்களைத் தயார் செய்துகொண்டிருக்கின்றன என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு மாடிக்கு அனுமதி வாங்கி இரண்டாவதை எழுப்பியவர்கள் அவ்வளவு பேரும் ஒருநாள் வாக்காளர்களாக வந்து நிற்பார்கள். எந்த அரசும் இடிக்காது.

மன்னிப்பு விற்பதன் முடிவு எங்கே போகும் என்பதைத் துருக்கி கண்டது. 2018-இல், தேர்தலை ஒட்டி, விதிமீறிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பதிவுச் சான்று கொடுத்தது அந்நாட்டு அரசு. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் அங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது அந்த மன்னிப்பைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசியது. ஆனால் அதே துருக்கியிடம் நாம் கற்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 1999 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே தனியார் ஆய்வு நிறுவனங்கள் வந்தன. கட்டுகிறவரே தனக்கு வேண்டிய நிறுவனத்தைத் தேர்ந்துகொண்டார். நம் ஊர்ப் பொறியாளர் கதைதான் அங்கும் நடந்தது. 2019 முதல் எந்தக் கட்டடத்துக்கு எந்த ஆய்வு நிறுவனம் என்பதைக் கணினிக் குலுக்கலில் அரசு ஒதுக்குகிறது. தாமதமான திருத்தம்தான், ஆனாலும் நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்ட திருத்தம். இங்கிலாந்து கிரென்ஃபெல்லுக்குப் பிறகு, பதினெட்டு மீட்டரோ ஏழு மாடியோ உள்ள குடியிருப்புகளுக்குத் தனக்கான ஆய்வாளரைக் கட்டுநரே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பறித்தது. சிட்னியில் 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஓப்பல் டவர் விரிசல் விட்டு ஆட்களை வெளியேற்ற நேர்ந்த பிறகு, அந்த மாநிலம் 2020-இல் சட்டம் போட்டு, குறை தீரும்வரை குடிபுகும் சான்றைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை அரசு ஆய்வாளருக்குக் கொடுத்தது. புதிய முறையால் இங்கிலாந்தில் அனுமதிகள் இழுபடுகின்றன என்ற புகார் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் மூன்று நாடுகளும் அடிபட்டு வந்து நிற்கும் இடம் ஒன்றே: சான்று தருகிறவரைச் சான்று வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, கட்டி முடித்ததைப் பார்க்காமல் குடிபுக விடக் கூடாது.

நம் உச்ச நீதிமன்றமும் அங்கேதான் வந்து நிற்கிறது. மீரட்டில் விதிமீறிக் கட்டிய கடைகள் பற்றிய வழக்கில், 2024 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்கள் தந்தது. கட்டுமான இடத்தில் அனுமதித்த வரைபடத்தைக் கடைசிவரை பார்வைக்கு வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவு வைக்க வேண்டும். நிறைவுச் சான்றோ குடிபுகும் சான்றோ காட்டிய பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு. அந்தச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிக் கடன். தமிழ்நாடு சலுகை அறிவித்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில் வந்த தீர்ப்பு இது. நிறைவுச் சான்றை அடித்தளமாக வைத்து உச்ச நீதிமன்றம் ஒரு முறையைக் கட்டுகிறது; நாம் அந்த அடித்தளத்தையே விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறோம்.

நிறைவுச் சான்றை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினால் மீண்டும் வரிசை, மீண்டும் தரகர் என்ற பயம் புரிகிறது. உள்ளாட்சிகளில் பொறியாளர்கள் போதாது என்பதும் தெரிந்ததே. ஆனால் இணையதளத்தில் ஒரே நாளில் அனுமதி தர முடிந்த அரசால் இதைச் செய்ய முடியாதா? அனுமதி இப்போது போலவே உடனே வரட்டும். அதனோடு கூடவே, பதிவு பெற்ற பொறியாளர்களின் பட்டியலிலிருந்து கணினிக் குலுக்கலில் ஓர் ஆய்வுப் பொறியாளரின் பெயர் வரட்டும். உரிமையாளருக்கு அவரை மாற்றும் உரிமை வேண்டாம். அந்தப் பொறியாளர் குறைந்தது மூன்று முறை வர வேண்டும்: அடித்தளத்தில் கம்பி கட்டிய பிறகு, ஒவ்வொரு கூரைத் தளத்துக்கும் காங்கிரீட் ஊற்றும் முன், குடிபுகும் முன். ஒரு மாடி கூடினால் ஒரு வருகை கூடும். ரிங் இடைவெளி, முனை மடக்கு, கவர், பக்கவாட்டு இடைவெளி எல்லாவற்றையும் டேப்போடு சேர்த்து, இடமும் நேரமும் பதிவான படங்களாக அவர் ஏற்ற வேண்டும். அந்தப் படங்கள் அனுமதிச் சீட்டில் இருக்கும் அதே கியூஆர் குறியீட்டில் யாருக்கும் திறக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து அந்த வீட்டை விலை பேசுகிறவருக்கும். ஆய்வுப் பொறியாளர்கள் தந்த அறிக்கைகளில் ஒரு பங்கை, மீண்டும் குலுக்கலில் எடுத்து, வேறு ஊர் அரசுப் பொறியாளர் நேரில் சரிபார்க்க வேண்டும். பொய்யறிக்கை தந்தவரின் பதிவு போக வேண்டும்.

ஆய்வுப் பொறியாளருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்றால், தள்ளுபடி செய்த பரிசீலனைக் கட்டணம் இருக்கிறதே. அதை மறுபடி வாங்கட்டும். காகிதத்தைப் பரிசீலிப்பதற்காக வேண்டாம், கம்பியைப் பார்ப்பதற்காக. வீடு கட்டச் செலவாகும் லட்சங்களில் அது ஒரு கதவின் விலைகூட இருக்காது. தாமதம் பற்றிய அச்சத்துக்கும் விதியிலேயே மருந்து வைக்கலாம். காங்கிரீட் ஊற்றும் நாளை உரிமையாளர் இணையத்தில் பதிந்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வுப் பொறியாளர் வரவில்லையென்றால், மேஸ்திரியே டேப்பை வைத்துப் படமெடுத்து ஏற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். வராதவரின் கட்டணம் உரிமையாளருக்கே திரும்பும், அந்தப் பொறியாளர் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பும் விழும்.